மணலில் குத்திய மினி 2-வைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும்

கேள்வி கேட்டவர் கடலூர் முதுநகர்த் தம்பி, கல்யாண வீடியோ எடுப்பவர். மாசி மகத்தன்று விடியற்காலையில், கூட்டம் சேர்வதற்கு முன்னால், தேவனாம்பட்டினம் கடற்கரையில் டிஜேஐ மினி 2 டிரோனைப் பறக்கவிட்டிருக்கிறார். பின்பக்கமாக ஓட்டும்போது விளக்குக் கம்பத்தில் இடித்துத் தலைகுப்புற மணலில் குத்தியிருக்கிறது. மோட்டாரைத் தாங்கும் நாலு கைகளில் முன் இடது கை மூட்டோடு ஒடிந்துவிட்டது, கேமரா ஒயரில் தொங்குகிறது, ஆன் செய்தால் ஜிம்பல் மோட்டார் ஓவர்லோட் என்று ஆப்பில் வருகிறது (ஜிம்பல் என்பது கேமராவை ஆடாமல் நேராகப் பிடித்திருக்கும் மோட்டார் தாங்கி). ஒரு கடையில் கேட்ட தொகை பழைய டிரோன் ஒன்றின் விலையில் பாதிக்கு மேல். சரிசெய்யலாமா, தூக்கிப் போடலாமா, உதிரி எங்கே கிடைக்கும், நானே செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, இன்னொரு தடவை அதை ஆன் செய்து பார்க்காதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். விழுந்த பதற்றத்தில் "உயிர் இருக்கா" என்று பட்டனை அழுத்திப் பார்ப்போம், விளக்கு எரிந்தால் நிம்மதியாகி மறுபடி அழுத்துவோம். உங்கள் ஜிம்பல் தொங்குகிற நிலையில் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கேமராவை நேராக நிறுத்தத் துடிக்கும், முடியாது, கரண்டை இன்னும் ஏற்றும். அந்த ஓவர்லோட் எச்சரிக்கை அதைத்தான் சொல்கிறது. நாலைந்து தடவை இப்படிச் செய்தால் ரப்பரை மாட்டினால் சரியாகியிருக்க வேண்டிய ஜிம்பல், உள்ளே எரிந்து போர்டு வரைக்கும் போய்விடும். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். கழற்றியதும் பேட்டரியின் இரண்டு அகலப் பக்கங்களையும் கண்ணாடி மேசைமேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் உப்பியிருக்கிறது என்று பொருள். உப்பிய பேட்டரி, மூலை நசுங்கிய பேட்டரி, இனிப்பு மாதிரி ஒரு ரசாயன வாசனை வருகிற பேட்டரி, இந்த மூன்றையும் சார்ஜில் போடவே கூடாது. வீட்டுக்குள் வைக்காமல் மணல் போட்ட பழைய மண்சட்டியில் வெளியே வைத்துவிட்டு, அப்புறம் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் அது அழுத்தும்போது தீப்பிடிக்கும்.

அடுத்தது மணல். நம் கரையில் அலை பின்வாங்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு படியுமே, பார்த்திருப்பீர்கள். அதில் காந்தத்தில் ஒட்டுகிற இரும்புத் தாதுத் துகள்கள் உண்டு. டிரோன் மோட்டாருக்குள் வட்டமாக இருப்பது எல்லாமே காந்தம்தான். வெள்ளை மணலை ஊதினால் போய்விடும், இந்தக் கறுப்புத் துகள் போகாது, காந்தத்துக்கும் கம்பிச் சுற்றுக்கும் நடுவில் இருக்கும் முடியளவு இடைவெளியில் மீசை மாதிரி நின்றுகொண்டிருக்கும். மோட்டார் கிண்ணத்தை விரலால் மெல்லச் சுற்றி, காதருகே வைத்துக் கேளுங்கள். நல்ல மோட்டார் சத்தமே இல்லாமல், காந்தத்தின் படிப்படியான பிடிப்போடு மட்டும் சுற்றும். மணல் இருந்தால் சர்க்கரையை மெல்வது போல நறநறக்கும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்துச் சுற்றவிட்டால் செம்புக் கம்பியின் மேல்பூச்சு உரிந்து ஷார்ட் ஆகும். முதலில் பிளோயரோ சைக்கிள் பம்போ வைத்து ஊதுங்கள், அப்புறம் சுவரில் போஸ்டர் ஒட்டுவார்களே அந்தக் களிப்பசையை ஊசியாக உருட்டி, பல்குத்தும் குச்சி நுனியில் வைத்து இடுக்கில் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒரு மோட்டாருக்கு இருபது நிமிடம் ஆகும். பொறுமை போனால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எண்ணெய் மட்டும் விட வேண்டாம், மிச்சமிருக்கும் மணலையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

உங்களுடையது காய்ந்த மணலில் விழுந்ததால் தப்பித்தது. என் முதல் டிரோன் சுண்ணாம்பாறு முகத்துவாரத்தில் முட்டளவு தண்ணீரில் விழுந்தது. எடுத்து, ஊரே சொன்னபடி அரிசி மூட்டைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தேன். அரிசி ஈரத்தைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. நான்காம் நாள் திறந்தபோது போர்டு முழுக்கப் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டு மாதிரிப் பச்சை பூத்திருந்தது. உப்புத் தண்ணீரில் விழுந்தால் செய்ய வேண்டியது நேர்மாறு: பேட்டரியைக் கழற்றிவிட்டு, உடனே நல்ல தண்ணீரில் அலசி, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு தடவை அலசி, பிரித்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் வைத்துப் போர்டைத் தேய்க்க வேண்டும். அன்றைக்கே செய்ய வேண்டும். காயவைத்துவிட்டு யோசிப்பது என்பதெல்லாம் கடல் விஷயத்தில் கிடையாது. கடலில் விழுந்த பேட்டரியை எந்தக் காரணத்துக்காகவும் திரும்பப் போடாதீர்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் "கை ஒடிந்துவிட்டது, கை வாங்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிகிற உடைப்பு பெரும்பாலும் மலிவான உடைப்பு. செலவைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத மூன்று இடங்கள், கை பொருந்துகிற நடு உடம்பு, ஜிம்பல், போர்டு. இந்த மூன்றையும் பார்க்காமல் உதிரிக்கு ஆர்டர் போட்டால், கை வந்த பிறகு நடு உடம்பு விரிசல் என்று தெரியும், அதுவும் வந்த பிறகு கேமராவில் படம் வரவில்லை என்று தெரியும், கடைசியில் கூட்டிப் பார்த்தால் இன்னொரு டிரோன் வாங்கிய காசு போயிருக்கும். எனக்கு அப்படிப் போயிருக்கிறது.

பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன். முதலில் மூட்டு. கை ஒடிந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒடிந்தது கையின் பிளாஸ்டிக் மட்டும் என்றால் கை மாற்றினால் போதும். ஊசி போல ஓர் அச்சு உட்கார்ந்திருக்குமே, அந்த அச்சைப் பிடித்திருக்கும் உடம்புப் பகுதியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் நடு உடம்பையே மாற்ற வேண்டும். அது மலிவான பிளாஸ்டிக் துண்டுதான், ஆனால் உள்ளே இருக்கும் அத்தனையையும் கழற்றி இடம் மாற்றும் வேலை, வீடு மாறுவது போல. சூப்பர் குளுவும் சோடா மாவும் போட்டு ஒட்டுகிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. மூடியை அப்படி ஒட்டலாம், கையை ஒட்டக் கூடாது. ஒட்டின இடம் ஒரு டிகிரி சாய்ந்தாலும் அந்த மோட்டார் மற்ற மூன்றோடும் எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும், அதிர்வில் ஒருநாள் விட்டுவிடும், அன்றைக்குக் கீழே யாராவது நிற்பார்கள்.

அடுத்து மோட்டார். கிண்ணத்தின் விளிம்புக்கு அருகே ஒரு குண்டூசியை அசையாமல் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். விளிம்புக்கும் ஊசிக்கும் நடுவில் இடைவெளி கூடிக் குறைந்தால் அச்சு வளைந்திருக்கிறது. ஒடிந்த கையின் ஒயர்கள் மூன்றும் தனியாக இருந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். எவையாவது இரண்டு ஒயரின் நுனியைச் சேர்த்துப் பிடித்து மோட்டாரைச் சுற்றினால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். மூன்று ஜோடியிலும் அந்த இறுக்கம் ஒரே மாதிரி இருந்தால் சுற்று நன்றாக இருக்கிறது. மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு குறைந்த மின்தடை அது, சாதாரண மீட்டர் எல்லாவற்றையும் ஷார்ட் போலத்தான் காட்டும். மீட்டரைப் பயன்படுத்த வேண்டியது ஒயருக்கும் மோட்டாரின் உலோக அடிக்கும் நடுவே பீப் வருகிறதா என்று பார்க்க. வந்தால் அந்த மோட்டார் போய்விட்டது.

போர்டுக்கும் மீட்டர்தான். பேட்டரி இல்லாமல், மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரி மைனஸ் பின்னில் வைத்து, கறுப்பு முனையால் மோட்டார் ஒயர் சால்டர் அடித்திருக்கும் புள்ளிகளைத் தொட வேண்டும். நாலு மோட்டார், ஒவ்வொன்றுக்கும் மூன்று, ஆக 12 புள்ளிகள். நல்ல போர்டில் அரை வோல்ட்டை ஒட்டி ஓர் எண் வரும், பன்னிரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான் வர வேண்டும். மோட்டார் இணைந்திருக்கும்போது அதன் மூன்று புள்ளியும் சுற்று வழியாக ஒன்றாகி ஒரே எண்ணைத்தான் காட்டும், அதனால் ஒரு மோட்டாரை மற்ற மூன்றோடு ஒப்பிடுங்கள். எங்காவது சைபருக்குப் பக்கத்தில் வந்தால் வேகக் கட்டுப்பாட்டுச் சில்லு எரிந்திருக்கிறது. அப்படியானால் கதையே வேறு, கீழே சொல்கிற டெட் செட் வழிதான்.

ஜிம்பலைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பணமும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. "ஒயரில் தொங்குகிறது" என்று நீங்கள் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஜிம்பல் முழுவதையும் உடம்போடு பிடித்திருக்கும் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் ஓட்டையிலிருந்து பிதுங்கி வெளியே வந்திருக்கலாம். விழுந்த டிரோன்களில் இது ரொம்பச் சாதாரணம், அடியை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ரப்பரே இருக்கிறது. ரப்பர் கிழியவில்லை என்றால், பல் இல்லாத டிவீசரால் காம்பைப் பிடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, ஓட்டைக்குள் இழுத்தால் டப்பென்று உட்கார்ந்துவிடும். செலவு ஒன்றுமில்லை. இன்னொரு வகை, கேமராவைத் தாங்கும் உலோகக் கை வளைந்தோ முறிந்தோ இருப்பது. ரப்பரை மாட்டிய பிறகு பவர் இல்லாமல் கேமராவை விரல் நுனியால் மேல் கீழாக, பக்கவாட்டில், இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். மூன்று அச்சிலும் வெண்ணெய் மாதிரிப் போனால் சந்தோஷப்படுங்கள். ஓரிடத்தில் உரசினால் கை வளைந்திருக்கிறது, நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அந்த உலோகம் இரண்டாவது வளைவில் முறியும்.

இதற்கு அப்புறம்தான் ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஆன் செய்து பார்க்கலாம். இறக்கைகள் நாலையும் கழற்றிவிட்டு, மேசை மின்விசிறியைப் பக்கத்தில் ஓடவிட்டு (பறக்காமல் நின்றால் டிரோன் சீக்கிரம் சூடாகும்), உப்பாத நல்ல பேட்டரி போட்டுப் பாருங்கள். கேமரா தலையை ஆட்டி நேராக நின்று, ஆப்பில் படமும் வந்தால், உங்களுக்கு வேண்டியது ஒரு கை மட்டும். கேமரா ஆடுகிறது, படம் வரவில்லை என்றால் படத்தைக் கொண்டுபோகும் முடியளவு ஒயர்க் கொத்து அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். படம் வருகிறது, கேமரா செத்த கோழி மாதிரித் தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது என்றால் ஜிம்பல் மோட்டார்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் தட்டை ரிப்பன் கிழிந்திருக்கும், மடிப்பு இருக்கும் இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெள்ளையாக ஒரு கோடு தெரியும். படமும் வரவில்லை, கேமராவும் ஆடவில்லை என்றால் இரண்டு ஒயரும் போயிருக்கலாம், போர்டும் போயிருக்கலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். கை மட்டும் என்றால் கையை வாங்குங்கள். கையோடு ரிப்பனோ ஒயரோ சேர்ந்தால் அதுவும் உதிரியாக வாங்கலாம். கை, நடு உடம்பு, ஜிம்பல் என்று மூன்றாகிவிட்டால் உதிரி தேடுவதை விட்டுவிட்டு இன்னொரு செத்த மினி 2-வைத் தேடுங்கள். மொபைல் சர்வீஸ்காரர்கள் டெட் செட் என்பார்களே, அதேதான். உங்களுக்குக் கேமரா போயிருக்கும், இன்னொருவருக்குப் போர்டு போயிருக்கும், உங்கள் இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு டிரோனும் கொஞ்சம் மிச்சமும் வரும். கடலில் விழுந்து போர்டு பச்சையானதில் கைகளும் உடம்பும் நன்றாகவே இருக்கும். மோட்டாரை மட்டும் நம்பாதீர்கள், உப்பு பேரிங்கைத் தின்றிருக்கும்.

எங்கே தேடுவது என்றால், நம் ஊர் வீடியோக்காரர்களிடம்தான் முதலில். கடலூர், பாண்டி, விழுப்புரம், சிதம்பரம் என்று கல்யாண வேலை பார்க்கிற ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் அலமாரியில் ஒரு செத்த டிரோன் படுத்திருக்கும், விற்க மனசு வராமல், சரிசெய்யவும் நேரமில்லாமல். "அண்ணே, உடைஞ்ச மினி 2 இருந்தா சொல்லுங்க" என்று நாலு பேரிடம் சொல்லி வையுங்கள். பாண்டி சண்டே மார்க்கெட்டில் டிரோன் உதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள், திருகுளிக்கும் டிவீசருக்கும் வேண்டுமானால் போகலாம். சென்னை ரிச்சி தெரு சரியான இடம், ஆனால் போன் பண்ணி மாடல் எண்ணைச் சொல்லி, இருக்கிறது என்று உறுதி செய்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். மினி 2-வின் மாடல் எண் எம்டி2பிடி, பேட்டரி அறைப் பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பேட்டரி வாங்குவதாக இருந்தால் கையோடு எடுத்து வருவதுதான் நல்லது, லித்தியம் பேட்டரியை விமானப் பார்சலில் அனுப்ப ஏகப்பட்ட கட்டுப்பாடு இருப்பதால் கூரியரில் வாரக்கணக்கில் இழுக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் அலி எக்ஸ்பிரஸில் வாங்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த ஆப் 2020 நவம்பரிலிருந்து இங்கே தடை. அது தவிர, 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதிக்கே தடை போட்டது, முழு டிரோனாக வந்தாலும், பிரித்துப் பாதி பாதியாக வந்தாலும். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு உண்டு. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கை, ரிப்பன், ஜிம்பல் என்று தனித்தனியாக வாங்கி விற்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், விலை அவர்கள் வைத்ததுதான். ஒரே பார்சலில் நாலு கை, உடம்பு, போர்டு, கேமரா என்று முழு டிரோனுக்கான சாமானை வரவழைத்தால் சுங்கத்தில் அதை உதிரி என்று நம்பவைப்பது கஷ்டம், அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி, "கழற்றினதா, புதுசா, காப்பியா?" என்பது. கையைப் பொறுத்தவரை, இன்னொரு டிரோனிலிருந்து கழற்றிய பழையதுதான் நான் வாங்குவேன். காப்பி மோட்டார் சுற்றும், ஆனால் மற்ற மூன்றின் குணம் அதற்கு இருக்காது. ரிப்பனில் காப்பி பரவாயில்லை, இரண்டாக வாங்குங்கள், முதல் தடவை மாட்டும்போது ஒன்று கிழியும். ஜிம்பல் முழுசாக வாங்கினால் ஓடுகிற வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், அந்த வீடியோவில் அன்றைய தேதி எழுதிய சீட்டு தெரிய வேண்டும். ஒரு தடவை எனக்கு வந்த "டெஸ்ட் பண்ணின" ஜிம்பலில் லென்ஸுக்குள் கடல் மணல் இருந்தது, யாருடைய கரையோ.

மாடல் குழப்பம் வேறு. முதல் மேவிக் மினி, மினி 2, மினி எஸ்இ, மினி 2 எஸ்இ நாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மேவிக் மினியும் மினி எஸ்இ-யும் ரிமோட்டோடு பேசுவது வைஃபையில், மினி 2 பேசுவது டிஜேஐயின் சொந்த ரேடியோ இணைப்பான ஆக்குசிங்கில். மினி 2 எடுப்பது 4கே, எஸ்இ-க்கள் எடுப்பது 2.7கே. வெளியில் பார்க்க ஒன்று, உள்ளே வேறு. மேல் மூடி மாதிரி உயிரில்லாத பிளாஸ்டிக் பொருந்தினாலும் பொருந்தும், மோட்டார், போர்டு, கேமரா ஆகியவற்றை மாடல் மாற்றிப் போடாதீர்கள்.

நீங்களே செய்ய முடியுமா என்றால், ரப்பர், மூடி, இறக்கை, ரிப்பன் வரைக்கும் முடியும். கையை மாற்ற மூன்று ஒயரை போர்டில் சால்டர் அடிக்க வேண்டும், சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் உங்கள் டிரோனில் பழகாதீர்கள். அதற்கு டிரோன் கடைதான் வேண்டும் என்பதில்லை. மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏரும் வைத்திருக்கும் நல்ல மொபைல் சர்வீஸ்காரர் போதும், தினமும் இதைவிடப் பொடியான இடத்தில் ஜம்பர் அடிக்கிறவர் அவர். நீங்கள் பிரித்துக் கொண்டுபோய், "அண்ணே, இந்த மூன்று ஒயரை எடுத்து இந்த மூன்றை இதே வரிசையில் வையுங்கள்" என்று கொடுத்தால் கால்மணி நேர வேலை. வரிசை முக்கியம். மூன்றில் எந்த இரண்டு இடம் மாறினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், டிரோன் எழும்பும்போதே குப்புறக் கவிழும். எடுப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். தொழிற்சாலை ஈயம் சீக்கிரம் உருகாது, நாள்பட்ட ஐயர்ன் நுனியை அதிலேயே அழுத்தி வைத்தால் போர்டின் செம்புப் புள்ளியே உரிந்து வந்துவிடும். முதலில் ஃப்ளக்ஸ் என்கிற சால்டர் பசை வைத்து, சாதாரண 63-க்கு 37 (வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு) ஈயத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டால் வெண்ணெயாக இளகும்.

பிரிக்கும்போது திருகுகள். நீளம் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நாலைந்து வகை இருக்கும், நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் அடியில் இருக்கும் போர்டைத் துளைக்கும். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள், இதற்கென்றே செய்த மாதிரி 14 குழி. இந்தப் பக்க ஏழில் மேல் மூடி, அந்தப் பக்க ஏழில் உடம்பு, கழற்றிய வரிசையிலேயே போட்டு வைத்தால் திரும்ப எதிர் வரிசையில் எடுக்கலாம். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு இந்த ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டார். மேல் மூடியை வெடுக்கென்று தூக்க வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகிக் கிளிப் ஒவ்வொன்றாக விடுவித்து, உள்ளே ரிப்பன் எதுவும் இழுபடவில்லை என்று எட்டிப் பார்த்த பிறகு தூக்குங்கள். முன் கைகளுக்குள் ஆன்டெனா ஒயரும் போகிறது, கை மாற்றும்போது அந்தக் கடுகளவு வட்டக் கனெக்டரை நேராக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும், சாய்த்தால் பிய்ந்துவிடும். அதை மறந்து மூடிவிட்டு, அப்புறம் நூறு மீட்டரில் சிக்னல் போகிறது என்று போன் செய்தவர்கள் உண்டு.

இறக்கையைப் பழையதே பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். நாலையும் மாற்றுங்கள். ஓரத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படாத விரிசல் கூட வேகத்தில் திறக்கும். கோடு போட்ட கைக்குக் குறி போட்ட இறக்கை, கோடு இல்லாத கைக்குக் குறி இல்லாதது. புது இறக்கை உறையோடு வரும் புதுத் திருகுகளைத்தான் போட வேண்டும், அதில் கழன்று வராமலிருக்கப் பசை தடவியிருப்பார்கள், பழைய திருகில் அது போயிருக்கும்.

எல்லாம் மூடிய பிறகு தராசில் வையுங்கள். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். மினி 2 பேட்டரி, இறக்கையோடு 249 கிராம். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதைத் தாண்டினால் மைக்ரோ. எப்பாக்ஸியும் டேப்பும் பூசி வலுவாக்குகிறேன் என்று நாலு கிராம் ஏற்றினால் வகுப்பே மாறிவிடும். கல்யாண வேலை என்பது வணிகப் பயன்பாடு, மைக்ரோவில் வணிகத்துக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் கேட்பார்கள். செத்த செட்டிலிருந்து போர்டை மாற்றியிருந்தால் டிரோனின் சீரியல் எண்ணும் மாறியிருக்கும், பதிவு செய்திருந்தால் அதைக் கவனியுங்கள். ரிமோட்டையும் மறுபடி இணைக்க வேண்டும், டிரோன் பட்டனை நாலு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஒரு பீப் அடிக்கும், அப்போது ஆப்பில் இணைக்கச் சொல்லுங்கள்.

அளவீடு (கேலிபரேஷன்) செய்வதில் இடம் முக்கியம். ஐஎம்யு, அதாவது டிரோனின் சாய்வையும் அசைவையும் உணரும் சென்சார், அதன் அளவீட்டை டிரோன் சூடேறாத காலையில், சமதளமான தரையில் செய்யுங்கள். திசைகாட்டி அளவீட்டை மொட்டை மாடியில் செய்யாதீர்கள், தளம் முழுக்க இரும்புக் கம்பி. மீன்பிடித் துறைமுகம், பைக் நிறுத்துமிடம், டிரான்ஸ்பார்மர் பக்கம் எல்லாம் வேண்டாம். வெட்டவெளி வயலோ மைதானமோ போங்கள், பாக்கெட்டில் இருக்கும் சாவிக்கொத்தையும் தள்ளி வைத்துவிட்டுச் சுற்றுங்கள். அப்புறம் ஜிம்பலைச் சமதரையில் வைத்து ஆப்பிலேயே ஆட்டோ அளவீடு. அதற்குப் பிறகும் அடிவானம் சாய்ந்தே தெரிந்தால் உலோகக் கை வளைந்திருக்கிறது என்று அர்த்தம், எத்தனை முறை அளவீடு செய்தாலும் நேராகாது.

ஒன்று விட்டுவிட்டேன், பறக்கவிடுவதற்கு முன் அன்றைய பறத்தல் பதிவைப் பாருங்கள். உங்கள் போனில் ஆப் அதைச் சேமித்திருக்கும், ஏர்டேட்டா போன்ற தளத்தில் ஏற்றினால் விநாடி விநாடியாகக் காற்று, பேட்டரி செல், ஜிபிஎஸ் எண்ணிக்கை எல்லாம் வரும். நீங்கள் கம்பத்தைக் கவனிக்காமல் பின்னால் ஓட்டினீர்கள் என்கிறீர்கள், நம்புகிறேன், மினி 2-வுக்கு முன்னும் பின்னும் தடை பார்க்கிற கண் கிடையாது, கீழே மட்டும்தான். ஆனாலும் இடிப்பதற்கு முன்னாலேயே ஒரு மோட்டார் எச்சரிக்கை வந்திருந்தால் உடைந்தது வேறு, காரணம் வேறு. காரணத்தை விட்டுவிட்டு உடைந்ததை மட்டும் மாற்றிக் கொடுத்து, மூன்றாம் நாள் அதே டிரோன் அதே பையில் திரும்பி வந்த கதை என்னிடம் ஒன்று இருக்கிறது.

முதல் பறத்தலைத் தேவனாம்பட்டினத்தில் வைக்காதீர்கள். வெயில் ஏறியதும் கடல்காற்று வந்துவிடும், இது நொடிக்குப் பத்து மீட்டர் காற்றுக்கு மேல் தாங்காத டிரோன். ஆனி ஆடி மேல்காற்றில் கடலுக்கு உள்ளே ஓட்டினால் போகும்போது சிட்டாகப் போகும், திரும்பும்போது பேட்டரி தீரும். பாண்டிப் பக்கம் வருவதாக இருந்தால் லாஸ்பேட்டை விமான நிலையம் இருக்கிறது, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12-க்கும் இடையில் 200 அடிதான் தடையில்லாத உயரம், அதற்குள்ளே வந்தால் அனுமதி இல்லாமல் முடியாது, அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத வயல்வெளியில், ஒரு பழைய பாயை விரித்து, இடுப்பு உயரத்துக்கு ஏற்றி இரண்டு நிமிடம் சும்மா நிறுத்துங்கள். இறக்குங்கள். நாலு மோட்டாரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் அந்தக் கை சரியாக உட்காரவில்லை, அல்லது அந்த மோட்டாரில் இன்னும் மணல் இருக்கிறது. நாலும் ஒரே சூடாக இருந்தால் மறுபடி ஏற்றி, இடம் வலம் திருப்பி, வீடியோ ஒன்று எடுத்து வீட்டில் பெரிய திரையில் பாருங்கள். படம் ஜெல்லி மாதிரி நெளிந்தால் ஏதோ ஓர் இறக்கையோ அச்சோ இன்னும் அதிர்கிறது. மூன்று நாலு பேட்டரி இப்படித் தனியாக ஓட்டிய பிறகு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு போங்கள்.

மூட்டு, ஜிம்பல் இரண்டையும் டார்ச் அடித்து எடுத்த கிட்டப் போட்டோவும், அந்த 12 புள்ளிகளின் எண்ணும் அனுப்புங்கள் தம்பி, கை மட்டும் போதுமா, செத்த செட் தேடணுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.